எழுப்புதல் பிரிவு

விழுப்புரத்தில் ஏற்றிய சான்றிதழ் திண்டிவனத்துக்குப் போய்ச் சேரவில்லை.

எல்லாம் இல்லை, எப்போதாவது ஒன்று. ஒரு நாளைக்கு முந்நூறு சான்றிதழ் ஏற்றினால் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது கண்ணை மூடித் திறப்பதற்குள் திண்டிவனத்துக் கணினியில் போய் உட்கார்ந்துவிடும். ஒன்று மட்டும் நின்றுவிடும். பெரும்பாலும் சாப்பாட்டு வேளைக்கு முன்னால் கடைசியாக ஏற்றியதோ, மாலையில் கடைசியாக ஏற்றியதோ. அது தொலைந்தும் போகாது. விழுப்புரத்தில் பத்திரமாக இருக்கும். சாப்பிட்டு வந்து யாராவது அடுத்த சான்றிதழை ஏற்றினால், புதியதோடு பழையதும் சேர்ந்து திண்டிவனத்தில் போய் இறங்கும். அதற்குள் அங்கே நகலுக்காக ஜன்னலில் காத்து நின்றவர் பஸ் ஏறியிருப்பார்.

இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் அமலதாஸ். நகலை அனுப்பும் கணினி நிரலை எழுதியவரே அவர்தான். ஆவண நகல் வாரியத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் தற்காலிக ஊழியர்.

வாரியம் 1993இல் தொடங்கியது. விழுப்புரத்தில் இருக்கும் ஒவ்வொரு ஆவணத்துக்கும் திண்டிவனத்தில் ஒரு நகல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் அதன் வேலை. விழுப்புரத்தில் தீப்பிடித்தால் திண்டிவனம் இருக்கும். இரண்டிலும் ஒரே நாளில் தீப்பிடித்தால் என்ன செய்வது என்று ஆராய 1995இல் ஒரு குழு அமைத்தார்கள். அது இன்னும் ஆராய்ந்துகொண்டிருக்கிறது. முதல் ஐந்து வருடம் நகல்கள் இரும்புப் பெட்டியில், பஸ்ஸின் மேல்தளத்தில் போயின. 1998இல் கணினி வந்தது. அமலதாஸ் நிரல் எழுதினார். பன்னிரண்டு வருடம் ஒரு சான்றிதழ்கூடத் தங்கியதில்லை. 2011 ஜனவரியில், நான்கு செயலிகள், அதாவது பிராசஸர்கள், கொண்ட புதிய கணினியைக் குத்துவிளக்கேற்றி வைத்தார்கள். மறுநாளிலிருந்து தங்க ஆரம்பித்தது.

நிரல் சிக்கலானதுகூட இல்லை. உள்ளே இரண்டு வேலையாட்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் எழுதுகிறவன்; வந்த சான்றிதழைப் பதிவேட்டில் எழுதுவான். இன்னொருவன் அனுப்புகிறவன், பதிவேட்டில் புதிதாக இருப்பதைத் திண்டிவனத்துக்கு அனுப்புவான். அனுப்ப ஒன்றும் இல்லையென்றால் 'தூங்குகிறேன்' என்று ஒரு கொடியைத் தூக்கிவைத்துவிட்டுத் தூங்குவான். எழுதுகிறவன் எழுதி முடித்ததும் கொடியைப் பார்ப்பான். தூக்கியிருந்தால் தட்டி எழுப்புவான். இல்லையென்றால் அவன் விழித்துத்தானே இருக்கிறான், தானே பார்த்துக்கொள்வான் என்று விட்டுவிடுவான்.

அமலதாஸ் ஒரு படி மேலே போய் முன்ஜாக்கிரதையாகவும் இருந்தார். அனுப்புகிறவன் கொடியைத் தூக்கிய கையோடு தூங்கிவிட மாட்டான். பதிவேட்டை இன்னொரு முறை பார்ப்பான். ஒன்றும் இல்லையென்று உறுதியான பிறகுதான் கண்ணை மூடுவான்.

இதில் தவற எங்கே இடம் இருக்கிறது? எழுதியது முதலில் நடந்திருந்தால், அனுப்புகிறவன் அதைப் பார்த்திருப்பான். கொடி முதலில் ஏறியிருந்தால், எழுதுகிறவன் அதைப் பார்த்திருப்பான். இரண்டில் ஒருவன் பார்த்தே ஆக வேண்டும். அமலதாஸ் இதைக் கல்யாணப் பத்திரிகைகளின் பின்பக்கத்தில் படம் போட்டுப் பார்த்தார். கோலியனூரிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும்போது பக்கத்தில் இருப்பவர் இடித்தாலும் நிறுத்தாமல் விரலால் தொடையில் போட்டுப் பார்த்தார். ஓட்டையே இல்லை.

இன்னொரு கூத்தும் இருந்தது. என்ன நடக்கிறது என்று குறித்துவைக்க நிரலில் ஒரு வரி சேர்த்தால் தவறு நடக்கவே நடக்காது. அந்த வரியை எடுத்தால் அன்று மாலையே நடக்கும். போலீஸ்காரர் நிற்கும்போது மட்டும் ஹெல்மெட் போடுகிறவன் மாதிரி.

இப்படி எட்டு மாதம் அவர் மண்டையைக் குடைந்துகொண்டிருந்தபோது, திண்டிவனத்து அலுவலகத்தில் தற்காலிக ஊழியனாக இருந்த ராஜ்குமார் தீர்த்துவிட்டான்.

ராஜ்குமார் அவருக்கு ஆறு வருடம் இளையவன். நிரல் படிக்கத் தெரியாதவன். ஆனால் சொந்த நிலத்து மல்லாட்டையை, அதாவது நிலக்கடலையை, அவித்து, சூடு ஆறாமல் பையில் கட்டிக்கொண்டு வந்து இயக்குநர் கிருஷ்ணசாமியின் மேசையில் வைக்கத் தெரிந்தவன். அவன் சொன்னது இதுதான். "சார், அடுத்ததைப் போட்டா முந்தினது வந்துடுது இல்ல? அப்போ ஒவ்வொண்ணு போட்டதுக்கு அப்புறமும் சும்மானாச்சும் ஒண்ணு போட்டுடலாமே!"

இயக்குநர் மல்லாட்டையை உரித்தபடியே ஒப்புதல் கொடுத்தார்.

இருப்பதிலேயே சின்னப் படிவம் பிறப்புப் படிவம். அதனால் சும்மா போடுவதற்கு ஒரு குழந்தையைப் பிறக்க வைத்தார்கள். பெயர் வீரம்மாள். ஊர் அனந்தபுரம். தகப்பனார் பெயர் கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம் என்பதால் 'ராஜ்குமார்' என்று போட்டார்கள். இந்த வேலைக்கு ஒரு பிரிவு, அதில் பதினோரு பேர், வாசலில் 'எழுப்புதல் பிரிவு' என்று பித்தளைப் பலகை. பிரிவுப் பொறுப்பாளர் ராஜ்குமார். அவனுக்கு விழுப்புரத்திலேயே ஒரு குளிர்சாதன அறையும் சுழல் நாற்காலியும் ஒதுக்கினார்கள், வந்து போகும்போது உட்கார. அமலதாஸ் உட்காருவது பிளாஸ்டிக் நாற்காலி. அதன் ஒரு கைப்பிடி 2006இலேயே போய்விட்டது.

திறப்பு விழாவில் இயக்குநர் பேசினார். "இந்த வாரியம் பதினெட்டு ஆண்டுகளாக என்ன செய்தது என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். விழுப்புரத்தில் இருப்பது திண்டிவனத்திலும் இருக்கிறது. விழுப்புரத்தில் இல்லாதது திண்டிவனத்திலும் இல்லை. ஒரு தவறு விழுப்புரத்தில் நடந்தால், அதே தவறு திண்டிவனத்திலும் நடக்கும்படி நாம் உறுதி செய்திருக்கிறோம். இடையில் ஒருவர் தூங்கினார். தூங்குவது குற்றமல்ல, நானே தூங்குகிறவன்தான். ஆனால் எழுப்புவதற்கு முறைப்படி ஆள் வேண்டும். இன்று அந்தக் குறை நீங்கியது."

ராஜ்குமாருக்குச் சால்வை போர்த்தினார்கள்.

அன்று வீட்டில் ரோஸ்லின் தன் கணவர் அமலதாஸின் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க, சோத்தைப் பெசஞ்சிக்கினே இருக்கீங்க? அந்த ராஜ்குமாருக்கு ஏதாச்சும் குடுத்தாங்களா?"

"யாரு சொன்னது?"

"உங்க மூஞ்சிதான் சொல்லுது."

"என்னத்தக் குடுத்தாங்க? ஒரு சால்வை. அது சால்வைகூட இல்ல, துண்டு. ஒரு பக்கம்தான் ஜரிகை."

"ரெண்டு பக்கமும் புரட்டிப் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க," என்றாள் ரோஸ்லின்.

வீரம்மாள் நாளொன்றுக்கு முந்நூறு முறை பிறந்தாள். சில சமயம் வீரம்மாளே தங்கிவிட்டாள். விழுப்புரத்துக் கணக்கில் ஒரு வீரம்மாள் கூடுதல், திண்டிவனத்தில் ஒருத்தி குறைவு. நகலில் வேற்றுமை என்றால் வாரியத்தின் அடிப்படையே ஆட்டம் காணும். ஆகவே வீரம்மாளை எழுப்ப இன்னொரு வீரம்மாளைப் போட்டார்கள். அவளும் தங்கினாள். மூன்றாவதற்கும் அனுமதி கேட்டுக் கோப்பு போனபோது இயக்குநர் தீர யோசித்து, "வீரம்மாள் ஒருவர் மட்டும் தாமதமாகப் பிறக்கலாம்" என்று சுற்றறிக்கை விட்டார்.

2012 பிப்ரவரிக்குள் வீரம்மாள் நாற்பத்தோராயிரத்தைத் தாண்டியிருந்தாள். ஆண்டறிக்கையில் 'ஆவணங்கள் இருமடங்கு உயர்வு' என்று வந்தது. பக்கத்திலேயே ராஜ்குமாரின் புகைப்படம். அமலதாஸ் அந்தப் பக்கத்தைத் திறக்காமலே அறிக்கையைப் படிக்கப் பழகிக்கொண்டார்.

அப்போதுதான் வாரியத்துக்கு ஒரே ஒரு நிரந்தரப் பணியிடம் வந்தது. தொழில்நுட்ப அலுவலர். தற்காலிகத்தில் இருக்கும் யாரும் விண்ணப்பிக்கலாம். இயக்குநரின் கையெழுத்தோடு செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குள் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை நேர்காணல். அமலதாஸுக்கு நாற்பத்து நான்கு வயது. இது போனால் இன்னொன்று வராது. அதைவிட, இது ராஜ்குமாருக்குப் போனால், ஒரு நாள் காய்ச்சல் வந்து படுத்தாலும் அவனிடம் போய் நின்று விடுப்புக் கடிதத்தில் கையெழுத்து வாங்க வேண்டும். முதலாவதை நினைத்தபோது அவருக்குக் கவலை வந்தது. இரண்டாவதை நினைத்தபோது வயிறு எரிந்தது.

வாரியத்தில் ஒரு காகிதம் எப்படி நகரும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். மாடிப்படியின் கீழே ஓர் இருப்புப் பலகை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே 'விழிப்பு' அல்லது 'ஓய்வு'. முன்பெல்லாம் அவரவர் இஷ்டத்துக்குத் தானே திருப்பிக்கொண்டார்கள். ஒழுங்கு இல்லை என்று இயக்குநர் அதை நிறுத்தினார். இப்போது யாரும் பலகையைத் தொடக்கூடாது. தன் நிலையை ஒரு சீட்டில் எழுதித் தன் மேசையில் இருக்கும் தட்டில் வைக்க வேண்டும். இன்னொருவருக்குப் போக வேண்டிய கோப்பையும் அதே தட்டில்தான் வைக்க வேண்டும். அலுவலக உதவியாளர் சவுரியம்மாள் தட்டுகளை எடுத்துப்போய்க் கோப்பை உரிய மேசையில் வைப்பார், பலகையைத் திருப்புவார். எப்போது எடுப்பார் என்று கேட்டால், "நான் ஒருத்தி, தட்டு ஒம்போது. எனக்கு இன்னா எறக்கையா மொளச்சிருக்கு?" என்பார்.

இயக்குநர் மதியம் ஓய்வறைக்குப் போகுமுன் 'ஓய்வு' சீட்டைத் தட்டில் வைப்பார். பிறகு மேசையில் புதுக் கோப்பு ஏதும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்ப்பார். இல்லையென்றால்தான் படுப்பார். கோப்பு அனுப்புகிறவர் தன் தட்டில் வைத்துவிட்டுப் பலகையைப் பார்க்க வேண்டும். 'ஓய்வு' என்றால் வாசலில் இருக்கும் மணியை அடிக்கலாம். 'விழிப்பு' என்றால் அடிக்கவே கூடாது. விழித்திருக்கிறவரை எழுப்புவது அவமதிப்பு.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி. அமலதாஸ் விண்ணப்பத்தைத் தட்டில் வைத்தார். கீழே இறங்கிப் பலகையைப் பார்த்தார். 'கிருஷ்ணசாமி, விழிப்பு.' மணி அடிக்கவில்லை. திரும்பி வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மூன்று மணி ஆயிற்று. ஆழ்ந்து படிக்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தார். மூன்றரைக்கு, பதினெட்டு வருட அனுபவம், படிக்க நேரம் ஆகத்தானே செய்யும் என்று நினைத்தார். மூன்றே முக்காலுக்குத் திண்டிவனத்திலிருந்து ராஜ்குமார் வந்தான். வெளியூர்க்காரன், தட்டு கிடையாது. விண்ணப்பத்தை நேரே இயக்குநர் மேசையில் வைத்தான், பலகையைப் பார்த்தான், மணியை அடித்தான்.

ஐந்து நிமிடத்தில் இரண்டு விண்ணப்பங்களோடு வெளியே வந்தான்.

"அண்ணே, உங்க பைலு ரெண்டு மணியிலேருந்து மேசையிலயே தூங்கிக்கினு இருந்திருக்கு. சார் உள்ள தூங்கிக்கினு இருந்திருக்காரு. நான் அடிச்ச மணியில ரெண்டு பைலும் ஒண்ணா எழுந்துடிச்சி." சிரித்தான். "நம்ம பிரிவே அதுக்குத்தானே?"

அமலதாஸுக்கு உள்ளங்காலிலிருந்து உச்சி வரை எரிந்தது. தன் வாழ்க்கையின் ஒரே விண்ணப்பம், இவன் அடித்த மணியில் எழுந்திருக்கிறது. புதியதோடு பழையதும் சேர்ந்து...

எரிச்சல் பாதியில் நின்றது.

அவர் படியிறங்கி ஓடினார். "சவுரியம்மா, ரெண்டு மணிக்கு எங்கெங்க தட்டு எடுத்தீங்க?"

"இன்னாய்யா, கேஸு போடப் போறியா? உன் தட்டும் பெரியவரு தட்டும் ரெண்டேகாலுக்கு ஒண்ணாத்தான் எடுத்தேன். உன்னுத அவரு மேசையில வச்சேன். அவரு சீட்டப் பாத்துப் பலகையத் திருப்புனேன். நான் பண்ணதுல ஏதாச்சும் கொறை இருக்கா?"

"ஒரு கொறையும் இல்ல," என்றார் அமலதாஸ். யாரிடமும் ஒரு குறையும் இல்லை. அதுதான் விஷயம்.

பாருங்கள். அமலதாஸ் கோப்பை வைத்தார், ஆனால் அது இன்னும் அவர் தட்டில்தான் இருக்கிறது. இயக்குநர் ஓய்வுச் சீட்டை வைத்தார், அதுவும் இன்னும் அவர் தட்டில்தான். அமலதாஸ் பலகையைப் பார்த்தால் பழைய 'விழிப்பு'. இயக்குநர் மேசையைப் பார்த்தால் கோப்பு இல்லை. இருவரும் வேலையைச் செய்துவிட்டுத்தான் பார்த்தார்கள். இருவர் கண்ணிலும் பழையதே பட்டது. பிறகு சவுரியம்மாள் வந்து எல்லாவற்றையும் சரியான இடத்தில் வைத்தார். அப்போது ஒருவர் காத்திருக்கிறார், ஒருவர் தூங்குகிறார்.

புதிய கணினிக்கு நான்கு செயலிகள். ஒவ்வொரு செயலிக்கும் இப்படியொரு சொந்தத் தட்டு உண்டு. ஒரு செயலி 'எழுதிவிட்டேன்' என்று சொல்லும்போது அது தன் தட்டில் வைத்திருக்கும், அவ்வளவுதான். மற்றச் செயலிகள் பார்க்கும் பொது நினைவகத்துக்கு அது போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஒரு வினாடியைக் கோடியாகப் பங்கிட்டால் அதில் சில பங்கு. அந்த இடுக்கில்தான் சான்றிதழ் சிக்கியது. பழைய கணினிக்கு ஒரே செயலி, ஒரே தட்டு. தன் தட்டில் இருப்பது தனக்குத் தெரியாமலா போகும்? பன்னிரண்டு வருடம் தவறு வராத காரணம் அதுதான். குறித்துவைக்கும் வரியைச் சேர்த்தால் தவறு மறைந்ததும் அதனால்தான். அந்த வரி ஓடி முடிப்பதற்குள் தட்டு காலியாகிவிடும்.

வெள்ளிக்கிழமை நேர்காணலில் அமலதாஸ் இதையெல்லாம் கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். இரண்டே வரி சேர்த்தால் போதும், எழுப்புதல் பிரிவே தேவையில்லை என்று முடித்தார்.

குழுவில் மூன்று பேர். இயக்குநர்தான் பேசினார்.

"அப்படியானால் தவறு உங்கள் நிரலில் இருந்தது."

"ஆமாங்க சார்."

"பதினான்கு ஆண்டுகளாக."

"ஆமாங்க."

"குறித்துக்கொள்ளுங்கள்," என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "ராஜ்குமாரின் வேலையில் இதுவரை ஒரு தவறுகூட இல்லை. ஏனென்றால் அவர் எதையும் எழுதவில்லை. இன்னொன்று, இரண்டு வரி என்கிறீர்கள். இரண்டு வரிக்கு நான் எப்படிக் கோப்பு திறப்பேன்? எதன் அடிப்படையில் ஆய்வுக்கூட்டம் போடுவேன்? பதினோரு பேர் செய்கிற வேலையை இரண்டு வரி செய்துவிட்டால், இந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் எங்களை எத்தனை வரி செய்யும் என்று நாளைக்கு எவனாவது கேட்க மாட்டானா?"

பணியிடம் ராஜ்குமாருக்குப் போயிற்று. நிரலில் எந்த மாற்றம் செய்வதானாலும் தொழில்நுட்ப அலுவலரின் கையெழுத்து வேண்டும் என்று அதே ஆணையில் இருந்தது.

பத்து நாள் கழித்து வாரியத்துக்குச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அனந்தபுரத்தில் ஊரின் மொத்த மக்கள்தொகையைப்போலப் பல மடங்கு பெண் குழந்தைகள் தடுப்பூசி போடாமல் இருப்பது பதிவேடுகளிலிருந்து தெரியவருகிறது. எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே தகப்பன். வரும் ஞாயிற்றுக்கிழமை முகாம். தகப்பனார் ராஜ்குமார் குழந்தைகள் அனைவரையும் அழைத்துவர வேண்டும். தவறினால் விசாரணை.

இயக்குநர் கடிதத்தின் ஓரத்தில் 'தொழில்நுட்ப அலுவலர் கவனிக்க' என்று எழுதி, தட்டில் வைத்துவிட்டு ஓய்வுக்குப் போனார்.

ராஜ்குமார் அமலதாஸின் மேசைக்கு வந்தான். சுழல் நாற்காலியில் உட்காரப் பழகிய முதுகு வளைந்திருந்தது.

"அண்ணே, அந்த ரெண்டு வரியை ஜல்தியா போட்டுடுங்கண்ணே. இன்னைக்கும் முந்நூறு பொறந்திருக்கு. நிறுத்தினா பழையபடி தங்குது. ஒரே பேஜாரா இருக்கு."

"நீதானே அலுவலர்? நீயே போடு."

"எனக்குப் படிக்கவே தெரியாதேண்ணே. தெரிஞ்சிருந்தா இத்தினி புள்ளங்களைப் பெத்துக்கினு நிப்பனா?"

அமலதாஸுக்குச் சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை. கணினியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். போட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். மாற்றம் செய்தவர் என்ற இடத்தில் அலுவலர் பெயர்தான் வரும். அடுத்த ஆண்டறிக்கையில் இன்னொரு புகைப்படம். இன்னொரு சால்வை, இந்த முறை இரண்டு பக்கமும் ஜரிகையோடு.

"போட முடியாது," என்றார்.

ராஜ்குமார் சட்டைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தான். பிறகு, "சரிண்ணே, பாண்டிச்சேரியில தெரிஞ்ச பையன் ஒருத்தன் கீறான். கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை. அவனை வரச் சொல்றேன். எந்த எடத்துல போடணும்னு மட்டும் காமிச்சிடுங்க. மிச்சத்தை அவன் பாத்துக்குவான்," என்றான்.

அமலதாஸ் திரும்பினார்.

நாற்காலி போனது. அறை போனது. பணியிடமும் போனது. அதையெல்லாம் பார்த்து எரிந்து எரிந்து பழகிவிட்டது. ஆனால் 1998இல் தானே எழுதி, எட்டு மாதம் தொடையில் விரலால் வரைந்து பார்த்த அந்த இடத்தில், பாண்டிச்சேரியிலிருந்து எவனோ வந்து கை வைப்பதா? இதுவரை பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை என்று அவருக்குத் தோன்றியது.

"தள்ளு," என்றார். "நானே போடறேன். நீ கையெழுத்துப் போடு. பேரு யாருதுன்னாலும் எழுதிக்கோ. எவன் கையும் இதுல படக்கூடாது."

தட்டைக் காலி செய்யச் சொல்லும் கட்டளைக்கு நிரலாளர்கள் மெமரி பேரியர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்ததெல்லாம் பொது இடத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் நான் அடுத்ததைப் பார்ப்பேன் என்று செயலியைக் கட்டிப்போடும் ஒரு வரி. அமலதாஸ் அதை எழுதுகிறவனிடம் ஒன்று, அனுப்புகிறவனிடம் ஒன்று என்று இரண்டு இடத்தில் போட்டார். ஒரே பக்கம் போட்டால் போதாது. மற்றவன் தட்டு நிறைந்தே இருக்கும். வீரம்மாளை நிறுத்திவிட்டு, இடைவெளி விட்டு விட்டுப் பத்தாயிரம் சோதனைப் பதிவுகளை ஓட்டினார்கள். பத்தாயிரமும் திண்டிவனத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சாப்பாட்டு வேளைக்கு முந்திய கடைசி ஒன்றும், மாலையின் கடைசி ஒன்றும் போய்ச் சேர்ந்தன.

இப்போது நிரல் இப்படி இருக்கிறது. எழுதுகிறவன்: பதிவேட்டில் எழுது, தட்டைக் காலி செய், பிறகு கொடியைப் பார், தூக்கியிருந்தால் எழுப்பு. அனுப்புகிறவன்: கொடியைத் தூக்கு, தட்டைக் காலி செய், பிறகு பதிவேட்டை இன்னொரு முறை பார், ஒன்றும் இல்லையென்றால் தூங்கு.